லக்ஷ்மிபாய் நகரில் கேள்வி நேரம்

1

ஊருக்குப் போகும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "பார்லிமெண்ட்ட உள்ள போய்ப் பாத்துக்கிறியா?" என்பதுதான். டெல்லியில் இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் செய்கிறவள் என்றால் மந்திரிகளோடு சேர்ந்து காய்கறி வாங்குவாள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. நான் உள்ளே போனதில்லை. வெளியிலிருந்து பார்த்ததுகூட பஸ்ஸில் நின்றுகொண்டு, முன்னால் நிற்கிறவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்ததுதான்.

ஆனாலும் நாடாளுமன்றம் எப்படி நடக்கும் என்று என்னளவுக்குத் தெரிந்தவர்கள் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே ஒன்று நடக்கிறது. உறுப்பினர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பெண்கள். இவ்வளவு பெண் பிரதிநிதித்துவம் உலகத்தில் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுப்பதற்கே சட்டம் போட்டுவிட்டு, நாற்காலி பிறகு வரும் என்று சொல்கிற நாட்டில், நாங்கள் எங்கேயோ முன்னால் போய் நிற்கிறோம். ஆட்சி மட்டும் அந்த மூன்றாமவர் கையில் இருக்கிறது.

இந்த வாரம் அந்தச் சபையில் முதல் முறையாக ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் வீட்டுக்காரர் குணசேகரன் ஒரு அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. எந்த அமைச்சகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வரும், அதற்குப் பதில் எழுதுகிற வரை எனக்கு நிம்மதி இருக்காது. அவர் வேலை, எம்.பி.க்கள் கேட்கிற கேள்விகளுக்கு மந்திரி சொல்ல வேண்டிய பதிலை எழுதிக் கொடுப்பது.

இது ஒரு தனிக் கலை. கேள்வி அ, ஆ, இ, ஈ என்று நாலு துண்டாக வரும். பதிலும் அப்படியே போக வேண்டும். "அரசு அறியுமா?" என்றால் "ஆம்" அல்லது "இல்லை". "இல்லை" என்று சொல்லிவிட்டால் மிச்சம் மூன்று துண்டுக்கும் ஒரே பதில்: "கேள்வி எழவில்லை." இந்த ஒரு வரியை எழுதும்போது அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும் பாருங்கள், அது தரிசனத்துக்குப் போய் வந்தாலும் வராது.

அவருக்கு அலுவலகத்தில் பெரிய பெயர் உண்டு. அவர் எழுதிய பதிலில் வாக்குறுதி என்பதே இருக்காது. மந்திரி சபையில் "பரிசீலிக்கிறோம்" என்றோ "கவனிக்கிறோம்" என்றோ வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். வாக்குறுதிகளுக்கென்றே எம்.பி.க்கள் குழு ஒன்று இருக்கிறது. அது அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, நிறைவேற்றினாயா நிறைவேற்றினாயா என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கும். அதனால் எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்ற சொல்கூட யோசித்துத்தான் வெளியே வரும். கல்யாணமான புதிதில், "தீபாவளிக்கு ஊருக்குப் போலாமா?" என்று கேட்டதற்கு, "தகவல் சேகரிச்சுச் சொல்றேன்" என்றார். இன்னும் சேகரித்துக்கொண்டிருக்கிறார்.

சில கேள்விகளுக்கு மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். அப்போது எம்.பி. மேலும் குடைந்து துணைக் கேள்வி கேட்கலாம். என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்து அதற்கும் பதில் தயாராக வைக்க வேண்டும். இதற்காக இவர் கண்டுபிடித்த வழிதான் எங்கள் வீட்டுச் சபை. ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு உட்கார்ந்ததும் இவர் மந்திரி ஆகிவிடுவார். எங்கள் மகள் கயல்விழி எதிர்க்கட்சி. நான் அடுப்படியில் நிற்பதால் சபாநாயகர். தோசைத் திருப்பியால் கல்லை இரண்டு தட்டுத் தட்டினால் அமைதி காக்க வேண்டும். கயல் ஏழு வயதில் கேட்ட முதல் கேள்வி: ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ்கிரீம் காணாமல் போனது அரசுக்குத் தெரியுமா, தெரியுமெனில் சாப்பிட்டது யார். தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது என்று பதில் வந்தது. வாயோரத்தில் வெனிலாவோடு சொன்னார்.

சபாநாயகர் என்றால் நடுநிலை. யார் பக்கமும் சாயக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது. இதையும் அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

3

கயல்விழியை டெல்லியில் யாரும் கயல்விழி என்று கூப்பிடுவதில்லை. பள்ளியில் கயல், பக்கத்து வீடுகளில் காஜல். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை நான் எழுதி மேஜைமேல் வைத்தால் அதன்மேல் டீ கிளாஸை வைப்பாள். பேசுகிற தமிழிலும் பாதி இங்கே பொறுக்கியது. "அப்பாகிட்ட பூச் பண்ணேம்மா, மனா பண்ணிட்டாரு" என்பாள். அப்பாவிடம் கேட்டேன், மறுத்துவிட்டார் என்று அர்த்தம். பிள்ளை கைவிட்டுப் போகிறாள் என்று முன்பெல்லாம் வருத்தப்படுவேன். அவள் நிஜமாகவே போகிற இடத்தைச் சொன்னபோது, மொழி எல்லாம் ஒரு கவலையா என்று ஆகிவிட்டது.

ராணுவ அதிகாரியாக வேண்டுமாம். அதற்குப் பள்ளிப் படிப்பு முடிக்கும்போதே ஒரு தேர்வு உண்டு. வெகுகாலம் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருந்தது. நீதிமன்றம் சொன்ன பிறகு பெண்களுக்கும் கதவைத் திறந்தார்கள். திறந்தபின் அதைப் பெருமையாகச் சொல்லுகிற பதில்களை எழுதியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அவள் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்தது போபாலில் நேர்முகத் தேர்வு. அவளுக்கு இன்னும் பதினெட்டு நிறையவில்லை. அதனால் பெற்றோரில் ஒருவர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

பெற்றோரில் ஒருவர். நான் போட்டாலும் செல்லும். அதை யாரும் எங்களிடம் மறைக்கவில்லை.

"அம்மா, நீயே போட்டுக் குடேன்," என்று முதலில் என்னிடம்தான் வந்தாள்.

"அப்பாவக் கேளுடி. நான் சபாநாயகர்."

"வாட் இஸ் திஸ் மா? வீட்டுக் கேம் அது."

"கேமோ இன்னாவோ. அப்பா சரின்னா எனக்கும் சரி."

அப்பாவுக்குச் சரி இல்லை. அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "இந்த விஷயம் இப்ப எழல," என்றார்.

சரியாக அந்த வாரம்தான் அவர் மேஜைக்கு ஒரு கேள்வி வந்தது. மலைப் பிரதேசத்துப் பெண் எம்.பி. ஒருவர் கேட்டிருந்தார். (அ) வெளிநாடுகளில் அமைதி காக்கப் போகிற படைகளில் பெண்களை அதிகமாக அனுப்ப அரசு நடவடிக்கை எடுத்துள்ளதா. (ஆ) ஆமெனில் அதன் விவரம். (இ) அமைதிப் பேச்சுகளிலும் பாதுகாப்பு முடிவுகளிலும் பெண்களுக்கு இடம் தர என்ன செய்யப்பட்டுள்ளது. (ஈ) பாதுகாப்புப் பணிக்கு வர விரும்பும் பெண்களுக்குக் குடும்பத்தினரே தடையாக இருப்பதை அரசு அறியுமா, அறியுமெனில் அதை நீக்க என்ன வழி.

வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மேலதிகாரி இவரைக் கூப்பிட்டு, துணைக் கேள்வி எல்லாம் யோசித்துத் தயார் பண்ணுங்கள் என்றாராம். இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே (அ)வுக்கும் (ஆ)வுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். (இ) கொஞ்சம் சுற்றி வளைத்தது.

"(ஈ)க்கு இன்னா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"அத்தகைய தடை எதுவும் அரசின் கவனத்துக்கு வரவில்லை."

பக்கத்து அறையில் கதவு படாரென்று சாத்தப்பட்டது. அதுவும் அவர் கவனத்துக்கு வரவில்லை.

4

எங்கள் ஊரில் பட்டாளத்துக்கு ஆள் போகாத வீடு கிடையாது. என் அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊர் முகப்பில் ஒரு கல் இருக்கிறது, பட்டாளத்துக்குப் போனவர்கள் பெயர் எல்லாம் அதில் வெட்டியிருக்கும். அத்தனையும் ஆண்கள். ஊரில் மிச்சம் இருந்த பெண்கள் நாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று வெட்ட அந்தக் கல்லில் இடம் இல்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று இரண்டு தெருவுக்கும் சண்டை வந்தது. கல் எறிந்தார்கள், ஒரு கூரை எரிந்தது. இளவட்டங்கள் அருவாளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், என் அம்மாவும் எதிர்த்தெரு சரோஜா அத்தையும் குழாயடியில் நின்று பேசினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு தெருப் பெண்களும் ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள்: வீட்டில் அருவாளை எடுக்கிறவனுக்கு அந்த வீட்டில் சோறு கிடையாது. ராத்திரி பல வீடுகளில் அடுப்பே எரியவில்லை. மறுநாள் ஊர் அடங்கிவிட்டது.

அதற்கப்புறம் தாசில்தார் ஆபீசில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். இரண்டு தெருவிலிருந்தும் ஆண்களை அழைத்தார்கள். லீவில் வந்திருந்த என் அப்பாவையும் அழைத்தார்கள். அவர் சண்டை நடந்தபோது ஊரிலேயே இல்லை. கூட்டத்துக்கு டீ போட்டுக் கொடுக்க அம்மாவும் சரோஜா அத்தையும் போனார்கள். ஒப்பந்தத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா டம்ளர் கழுவினார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "எப்பிடி முடிச்சு வச்சேன் பாத்தியா?" என்றார். அம்மா கொண்டுவந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக நிதானமாகக் கவிழ்த்து வைத்தார். நான் சிரித்துவிட்டேன், எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

கயல் விஷயத்தில் என் அப்பாவின் கருத்தைக் கேட்கலாம் என்றார் இவர். அரசாங்கத்துக்கு ஒரு முடிவை எடுக்க மனமில்லை என்றால் குழு அமைக்கும். இது ஒரு நபர் குழு. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டோம்.

"பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குமா பட்டாளம்?" என்றார் அப்பா. "வெயிலு, குளிரு, துப்பாக்கி. நான் பட்டது போதாதா?"

"தாத்தா, நீங்க போகலாம், நான் ஏன் போகக் கூடாது?" என்றாள் கயல்.

"நான் ஆம்பள."

"மத்லப்?"

"இன்னாமா சொல்லுது இது?" என்றார் அப்பா என்னிடம்.

"அதுக்கு இன்னா அர்த்தம்னு கேக்கறாப்பா," என்றேன்.

அப்பா லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். குழுவின் அறிக்கை ஏற்கப்பட்டது என்று இவர் அறிவித்தார்.

5

நாடாளுமன்றத்தில் அந்தக் கேள்வி வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் டிபன் நேரத்தில் எங்கள் சபை கூடியது. கயல் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நாலைந்து நாளாக அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் வந்தாள். தலை சீவி, துப்பட்டாவை எம்.பி. மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளைக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்.

கல்லை இரண்டு தட்டுத் தட்டினேன். "உறுப்பினர் கேக்கலாம்."

"மானிய அத்யக்ஷ் ஜீ," என்று எழுந்தாள். மாண்புமிகு சபாநாயகர் அவர்களே என்று என்னைத்தான். "அமைதிப் படைக்குப் போற பெண்களுக்கு அரசு என்ன ஊக்கம் குடுக்குது?"

இவர் எழுந்து, பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பதில் சொன்னார். தகுதியுள்ள ஒவ்வொரு பெண்ணும் வர வேண்டும் என்பதே அரசின் கொள்கை. பெண்கள் இருக்கும் படையிடம்தான் ஊர்ப் பெண்கள் வாய் திறந்து பேசுகிறார்கள். அவர்கள் இல்லாமல் செய்கிற சமாதானம் நிலைக்காது. கதவுகள் திறந்திருக்கின்றன. அருமையாகச் சொன்னார். எனக்கே ஒரு நிமிடம் கை தட்டலாம் போலிருந்தது. சபாநாயகர் கை தட்டக் கூடாது.

"துணைக் கேள்வி," என்றாள். "குடும்பத்துல தடை இருக்குன்றது அரசுக்குத் தெரியவே தெரியாதா?"

"குறிப்பா எந்த விவரமும் அரசுக்கு வரல."

"அச்சா. ஒருவேளை குறிப்பா ஒரு குடும்பத்தோட விவரம் வந்தா?"

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். இவர் யோசிக்கவே இல்லை. மந்திரிகள் அந்த இடத்தில் சொல்கிற வரி ஒன்று உண்டு. எத்தனையோ வருடம் கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிப்போன வரி. எழுத்தில் என்றால் அடித்திருப்பார், இது வாய்.

"மாண்புமிகு உறுப்பினர் விவரம் குடுத்தா," என்று கையை விரித்தார், "அரசு அவசியம் கவனிச்சு நடவடிக்கை எடுக்கும்."

"லிக் லீஜியே," என்றாள் கயல். எழுதிக்கொள்ளுங்கள். "குடும்பத் தலைவர் பேரு குணசேகரன். மத்திய அரசு ஊழியர். வீடு, லக்ஷ்மிபாய் நகர். பொண்ணு பேரு கயல்விழி. எழுத்துத் தேர்வு பாஸ். தடை, அப்பா."

இவர் முதலில் சிரித்தார். பாதியில் நிறுத்தினார். இருபத்தைந்து வருட சர்வீஸில் கைதவறி ஒரு வாக்குறுதியை வெளியே விடாத மனிதர், கையில் சட்னிக் கிண்ணத்தோடு விட்டுவிட்டார். தெருவில் போகிற வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் "போடி போக்கிரி" என்று சொல்லி எழுந்து போயிருப்பார். இவரால் முடியவில்லை. வாக்குறுதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

"இது... இது ரிஹர்சல்," என்றார்.

"சபைக் குறிப்புல ஏறிடுச்சுப்பா," என்றாள் அவள். "அம்மா சாட்சி."

"வசந்தா?" என்று என்னைப் பார்த்தார்.

நான் அடுத்த தோசைக்கு மாவு ஊற்றினேன். சபாநாயகர் கருத்துச் சொல்லக் கூடாது இல்லையா.

6

வாக்குறுதி கொடுத்துவிட்ட அரசாங்கம் என்ன செய்யும் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முதலில் அவகாசம் கேட்கும். இவரும் கேட்டார். கூட்டத்தொடர் முடியட்டும் என்றார். கூட்டத்தொடர் முடிவதற்குள் போபால் தேதி போய்விடும் என்றாள் அவள். இன்னும் ஒருவாரம் என்றார். அப்புறம், வாக்குறுதியைக் கைவிட அனுமதிக்குமாறு கோருவது என்று ஒரு முறை இருக்கிறது. அதற்கு நடைமுறைச் சிக்கல் என்று காரணம் காட்ட வேண்டும். இவர் காட்டிய நடைமுறைச் சிக்கல்: "ஒரே பொண்ணு."

 அது நடிப்பு இல்லை. எனக்கும் அதே பயம்தான். டி.வி.யில் கொடி போர்த்திய பெட்டியைக் காட்டினால் நான் சேனல் மாற்றுகிறவள். பிறந்த வீட்டில் தபால்காரர் சைக்கிள் வாசலில் நின்றால், வந்தது தந்தி இல்லை, கடிதம்தான் என்று தெரிகிறவரை அம்மா மூச்சு விட மாட்டார். அந்தப் பயத்திலேயே வளர்ந்தவள் நான். அதைத் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மட்டும் ஆசையா? பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை. கதவு திறந்திருக்கிறது, ஆனால் கேள்வி எழவில்லை என்று இவர் சொல்வதும், நான் நடுநிலை என்று சொல்வதும், பயத்துக்கு நாங்கள் ஆளுக்கொரு உறை தைத்துப் போட்டதுதான்.

கேள்வி வந்த அன்று டி.வி.யில் பார்த்தோம். இவர் அலுவலகத்தில், நானும் கயலும் வீட்டில். அவள் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்றாள், நான் வற்புறுத்தவில்லை. இவர் பதில் எழுதிய கேள்வி வரிசையில் மூன்றாவது. முதல் கேள்வி முடிவதற்குள் ஒரு பக்கம் எழுந்து நின்று கத்தினார்கள். எதற்கு என்று கடைசிவரை புரியவில்லை. இன்னொரு பக்கம் எழுந்து, கத்துகிறார்களே என்று கத்தினார்கள். அந்த மலைப் பிரதேசத்து அம்மாள் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்திருந்ததை ஒரு கணம் காட்டினார்கள். அமைதி, அமைதி என்று சபாநாயகர் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. பிறகு சபை ஒத்திவைக்கப்பட்டது.

அவ்வளவுதான். ஒத்திவைத்தால் மிச்சக் கேள்விகளுக்கு எழுத்தில் இருக்கிற பதிலையே மேஜையில் வைத்துவிடுவார்கள். தடை எதுவும் கவனத்துக்கு வரவில்லை என்பது அப்படியே நாட்டின் பதிவேட்டில் ஏறிவிட்டது. குடைந்து கேட்க யாருக்கும் வாய்ப்பில்லை. பெண்களையும் அமைதியையும் பற்றிய கேள்வி, அமைதி இல்லாததால் பேசப்படாமல் போனது.

கயல் டி.வி.யை அணைத்தாள். "சோடோ மா. விடு," என்றாள். "அப்பா போட மாட்டாரு. நீயும் நியூட்ரல். நான் காலேஜே போறேன், பி.காம்."

அவள் அழுதிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பையில் எடுத்து வைத்திருந்த வெள்ளை டிராக் சூட்டை எடுத்துத் திரும்பவும் அலமாரியில் அடுக்கப் போனாள். என் அம்மா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்த நிதானம் அது. அந்த நிதானத்தைப் பார்த்து ஒரு முறை சிரித்திருக்கிறேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது.

7

சாயங்காலம் இவர் நல்ல மனநிலையில் வந்தார். துணைக் கேள்வி இல்லாமல் தப்பித்ததில் மேலதிகாரி வரை எல்லாருக்கும் சந்தோஷமாம். சமோசா வாங்கிக் கொடுத்தார்களாம். எங்களுக்கும் நாலு வாங்கி வந்திருந்தார்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் தோசைக் கல்லை எடுத்து மேஜைமேல் வைத்து, திருப்பியால் இரண்டு தட்டினேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே," என்றார்.

"அவசரக் கூட்டம். உக்காருங்க. கயல், வாடி."

அவள் அறைவாசலில் வந்து நின்றாள்.

"கயல்விழி போபால் போறதப் பத்தி வாக்கெடுப்பு," என்றேன். "போகணும்ன்றவங்க?"

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கையைப் பாதி தூக்கினாள்.

"வேணான்றவங்க?"

"வசந்தா, இன்னா விளையாட்டு இது?"

"கை தூக்கறீங்களா இல்லியா?"

தூக்கினார். தூக்கிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஒண்ணுக்கு ஒண்ணு. சமம். தீர்மானம் நிறைவேறல. சமோசா ஆறிப் போகுது."

"சமமானா சபாநாயகருக்கு ஒரு ஓட்டு உண்டுன்னு சொன்னது யாரு?"

அவர்தான் சொன்னார். கல்யாணமான முதல் வருடம், கரோல் பாகில் ஒண்டுக் குடித்தனம் இருந்தபோது, மின்வெட்டில் விசிறிக்கொண்டே எனக்கு அரசியல் சட்டம் சொல்லிக் கொடுத்தார். மற்ற நேரத்தில் சபாநாயகர் ஓட்டுப் போடக் கூடாது, சமமாகப் பிரிந்தால் மட்டும் போட்டே ஆக வேண்டும் என்று. ஊரிலிருந்து வந்த புதிது. அவர் சொன்னதை எல்லாம் மனப்பாடம் செய்தேன். மூன்று பேர் வீட்டில் அந்த விதி எதற்கு உதவும் என்று இத்தனை வருடம் எனக்கும் தோன்றவில்லை. ஓட்டு என்று ஒன்று எடுத்தால்தானே பிரியும்?

"மரபுன்னு ஒண்ணு இருக்குது," என்றார் அவசரமாக. "சபாநாயகர் ஓட்டுப் போட்டா, இருக்கற நிலைமை மாறாத மாதிரிதான் போடணும்."

"அத எனக்கு நீங்க சொல்லித் தரலயே."

"இப்ப சொல்றேன்."

"நேரம் முடிஞ்சுபோச்சு. கயல், அந்தக் காயிதத்தக் கொண்டா."

அவள் ஓடினாள். என் கையெழுத்து என்பது கேஸ் சிலிண்டர் வாங்கவும் கூரியர்காரனுக்குப் போடவும் இருக்கிறது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு அது போனதில்லை. பேனா மூடியைக் கழற்றினேன். பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் போட்டது நான் என்று ஆயுசுக்கும் இருக்கும். டீ போட்டுக் கொடுப்பதில் இந்த அபாயம் கிடையாது. அதனால்தான் நாங்கள் பலர் டீயோடு நின்றுவிடுகிறோமோ என்னவோ. போட்டேன். தமிழில் போட்டேன். வசந்தா குணசேகரன்.

"என்னைக் கேக்காம எப்பிடி நீ போடலாம்?" என்றார் இவர்.

"கேள்வி எழவில்லை," என்றேன்.

கயல் என்னைக் கட்டிக்கொண்டாள். இவர் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்துவார் என்று எதிர்பார்த்தேன், சாத்தவில்லை. அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தன் பழைய பழுப்பு ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சமோசாவைப் பார்த்துக்கொண்டு மகளிடம் கேட்டார்.

"அங்க குளிருமா?"

கேள்விகளுக்குப் பதில் எழுதியே நரைத்துப் போன மனிதர். எங்கள் சபை தொடங்கிய நாள் முதலாக அரசுத் தரப்பிலிருந்து வந்த முதல் கேள்வி அது.

"தெரியலப்பா," என்றாள் கயல். "போய் இறங்கினதும் ஃபோன் பண்ணிச் சொல்றேன். பக்கா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "வாக்குறுதி. குறிச்சுக்கோ," என்றார்.